வடகிழக்கு மூலையில் வாய் திறந்து நிற்பவள்

கும்பாபிஷேக மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். "பழைய ஞாபகமா, சந்தோஷமா நாலு வரி இருந்தா போதும்க்கா" என்று போனில் சொன்னீர்கள். அரைப் பக்கத்தில் அடங்காது. சந்தோஷமாகவும் இருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். இந்தத் தெருவில் என்னோடு கில்லியும் பாண்டியும் ஆடி வளர்ந்த நீங்கள்தான் இன்றைக்குக் கோயில் கமிட்டி. உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. ஞாபகமும் எல்லோருக்கும் ஒன்றாகவே கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் மாரியம்மன் கோயில் கோபுரத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிற ராட்சசி பொம்மையை உடைத்து எடுத்துவிட்டு, அங்கே லட்சுமி வைக்கத்தான் முதலில் முடிவு செய்தீர்கள். ஈசானிய மூலையில் ராட்சசி ஆகாது என்று வாஸ்து பார்க்கிறவர் சொன்னாராம். நான் சொல்கிறேன், அங்கே ராட்சசியே கிடையாது. அங்கே நிற்பது என் அத்தை, என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. இது உங்களுக்குத் தெரியும். தெரியாது என்கிறவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சொல்லட்டும், பார்க்கலாம்.

அந்தக் கோடையை மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மலையடியில் இருக்கிறவர்களுக்கு வெயில் இரண்டு தடவை. பகலெல்லாம் வானத்திலிருந்து அடிக்கும், சாயங்காலம் பாறையிலிருந்து அடிக்கும். அந்த வருஷம் தெருமுனைக் குழாயில் காற்றுதான் வந்தது. நாம் முறை வைத்து அதில் காதை வைத்துக் கேட்போம். உள்ளே எங்கேயோ தண்ணீர் புரளுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், ஆனால் தண்ணீர் வராது. அம்மாக்கள் வேங்கிக்கால் வரைக்கும் நடந்தார்கள். இன்று கலெக்டர் ஆபீசும் மாடி வீடுகளுமாக இருக்கிற அந்த இடம் அப்போது வெறும் வயலும் கொல்லையும்தான். பம்புசெட்டு ஓடுகிற கொல்லையாகப் பார்த்துக் கெஞ்சி, ஒரு குடம் வாங்கிக்கொண்டு வருவார்கள். வெயிலில் காய்ந்த பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்தால் சுடும். என் அம்மாவின் இடுப்பில் அந்தக் கோடை முழுக்க ஒரு சிவப்புத் தழும்பு இருந்தது.

நம் தெருவில் கிணறு இல்லையா? இருந்தது. கோயிலுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில். காலங்காலமாக எல்லோரும் இறைத்த கிணறு. அந்த வருஷம் பெரிய கோயில் பக்கம் புதிதாக லாட்ஜ் கட்டியவர் "நான் தூர் வாரித் தரேன்" என்று வந்தார். தூர் வாரினார், மோட்டார் வைத்தார், சுற்றிலும் கம்பி போட்டார், கதவுக்குப் பூட்டும் போட்டார். தினமும் காலையில் மாட்டு வண்டியில் பீப்பாய் பீப்பாயாக நம் கிணற்றுத் தண்ணீர் அவருடைய லாட்ஜுக்குப் போனது. வெளியூரிலிருந்து கிரிவலம் வருகிறவர்கள் சோப்பு போட்டுக் குளித்தார்கள். நாம் பல் துலக்கின எச்சில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம்.

யாரும் கேட்கவில்லை. ஏன் என்றால், நம் கோயிலுக்குக் கோபுரம் கட்டிக் கொடுக்கிறவரும் அவர்தான்.

அந்தக் கோபுரத்துக்குப் பொம்மை செய்ய வந்தவரை ஞாபகம் இருக்கிறதா? எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. நாம் அவரைப் பொம்மைக்காரர் என்றோம். மெலிந்த ஆள், காதில் எப்போதும் ஒரு பீடித்துண்டு. சாரத்தைச் சுற்றித் தென்னங்கீற்றுக் கட்டி மறைத்துக்கொண்டு உள்ளே வேலை செய்வார். கண் திறக்கிற நாள் வரைக்கும் பொம்மையை யாரும் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். கீழே தொட்டியில் சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறின தண்ணீர், வெல்லத் தண்ணீர். அந்தப் புளித்த வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. வெல்லத்துக்கு எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் நாம் வருவோம். தொட்டியில் போடும் முன் ஒரு கட்டி நம் கையில் விழும். ஒருநாள் இன்றைய கமிட்டித் தலைவர், அதாவது லாட்ஜ்காரர் மகன், சுண்ணாம்பு ஒட்டின வெல்லத்தைத் தின்று நாக்கு வெந்துபோய் அழுதார். தலைவரே, உங்கள் நாக்கில் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டால் சொல்வீர்களா? எங்கள் வீட்டில் இருந்த கடைசிச் செம்புத் தண்ணீரை எடுத்து ஓடி வந்து ஊற்றியது என் அத்தை.

அத்தை கீழ்பென்னாத்தூரில் வாழப்போய், ஒத்துவராமல் திரும்பி வந்தவள். மண்டியில் வேர்க்கடலை உடைக்கப் போவாள். வீட்டுக்கு வரும்போது மடியில் கடலை இருக்கும், விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அவள் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். "பொம்பளைக்கு இவ்ளோ சத்தம் ஆகாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவளுக்கென்று இருந்த சொத்து ஒரு பித்தளைக் குடம். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, ஒரு பக்கம் நசுங்கின குடம். பின்னால் அதை எவர்சில்வர்காரனிடம் போட்டு அம்மா இரண்டு சம்படம் வாங்கினாள். அந்தச் சம்படங்களும் இப்போது இல்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். நடுப்பகல். பீப்பாய் வண்டி கிணற்றடியிலிருந்து தெருவில் திரும்புகிறது. அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் மாட்டுக்கு முன்னால் நின்றாள்.

"நிறுத்துயா வண்டிய."

"நவுரும்மா, மொதலாளி திட்டுவாரு" என்றார் வண்டிக்காரர்.

"திட்டட்டும். உங்க மொதலாளியக் கூட்டிக்கினு வா. அதுவரைக்கும் மாடு இங்கியே நிக்கட்டும்."

சத்தம் கேட்டு ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. உங்கள் அம்மாக்கள்தான் வந்தார்கள், பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும். ஒவ்வொருவர் இடுப்பிலும் காலிக் குடம். அத்தை தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கொதிக்கிற தரையில், சேலையை மடித்துப் போட்டுக்கொண்டு. நாமும் நடுவில் புகுந்துகொண்டோம். நம்மை ஒருவரும் விரட்டவில்லை. மாடு இரண்டும் பீப்பாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றன.

லாட்ஜ்காரர் வெள்ளை வேட்டியில் வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரரையும் கூட்டி வந்தார்.

"இன்னா கூட்டம் இது? தூர் வாரினது நானு. மோட்டார் என்னுது."

"மோட்டார் உங்களுதுதான், யாரு இல்லன்னது?" என்றாள் அத்தை. "கழட்டி எடுத்துக்கினு போங்க. தண்ணி உங்களுதா?"

"கோபுரத்துக்கே நான்தாம்மா தண்ணி குடுக்கறேன். சாமி காரியம். வாய அடக்கிப் பேசு."

அப்போதுதான் அவள் எழுந்தாள். குடம் இடுப்பில், ஒரு கை நீட்டி, கோபுரத்தைக் காட்டி. அவள் தொண்டையில் நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன்.

"சுண்ணாம்பு கொழைக்கத் தண்ணி இருக்குது, கொழந்தைங்க குடிக்க இல்லயா? மாரியாத்தா இன்னா சுண்ணாம்பா தின்றா?"

மேலே கீற்று விலகியது. பொம்மைக்காரர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு பூசுகிற கரணை இருந்தது, வேலை நடக்கவில்லை.

லாட்ஜ்காரர் போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அந்தப் போலீஸ்காரர் குடியிருந்ததும் நம் தெருவில்தான். அவர் மனைவி இரண்டாவது வரிசையில் குடத்தோடு உட்கார்ந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "சாவியக் குடுத்துடுங்க சார்" என்றார் மெதுவாக. "நானும் வூட்டுக்குப் போய் சோறு துன்னணும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் லாட்ஜ்காரருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். சாவியைத் தரையில் வீசினார். அத்தை குனியவில்லை.

"பிச்சை போடறீங்களா? கையில குடுங்க."

அவர் நின்றார், அவளும் நின்றாள். கடைசியில் அவரே குனிந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டு வாசலும் நனைந்திருந்தது. உங்களில் யாராவது அன்று குளிக்காமல் படுத்தீர்களா?

அப்புறம் நடந்ததைத்தான் ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் நைனா, அதாவது அப்பா, அந்த லாட்ஜில்தான் மேசையில் உட்கார்ந்து ரூம் சாவி கொடுக்கிற வேலையில் இருந்தார். அவருக்கு ஒரு வார்த்தைதான் வந்தது. "உன் தங்கச்சி இந்தத் தெருவுல இருக்கக் கூடாது." நைனா வந்து கத்தினார். "நாலு பேரு பாக்க ஒரு பெரிய மனுசன குனிய வெச்சிட்டியே, நான் எப்படித் தலை நிமிந்து நடக்கறது?" இதைச் சொல்லும்போது அவர் கையில் ஒரு சொம்பு இருந்தது. அவள் வாங்கித் தந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் அவளைத் திட்டினார். அன்று எனக்கு அது புரியவில்லை. நைனா பயந்தார் என்று இன்று புரிகிறது. புரிகிறது என்பதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

தெருவாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. கிணறு திறந்ததும் எல்லோருக்கும் அவள் வாய்தான் கண்ணில் பட்டது. "வாய்க்காரி" என்று பெயர் வைத்தார்கள். அத்தை ஒரு துணிப்பையோடு வேலூருக்குப் பஸ் ஏறினாள். ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அங்கேயே இருந்தாள், அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணத்தில் எடுத்த ஒன்று கீழ்பென்னாத்தூர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அவள் போன பிறகு ஒரு நல்ல நாளில் பொம்மைகளுக்குக் கண் திறந்தார்கள். கீற்றைப் பிரித்தார்கள். வாசலுக்கு மேலே லாட்ஜ்காரர் கை கூப்பி நிற்கிறார், மீசை உட்பட அப்படியே. பணம் போட்டுக் கட்டுகிறவர்களுக்குப் பொம்மை வைப்பது வழக்கம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது யாரோ வடகிழக்கு மூலையைக் காட்டினார்கள். இடுப்பில் குடம், நீட்டின கை, நீலப் புடவை, மாநிறம், திறந்த வாய். வாய்க்குள் பல் தெரிகிறது.

எல்லோரும் லாட்ஜ்காரர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபுரத்தில் வாய் திறந்து பல் தெரிய நிற்பவர்கள் அரக்கர்கள்தான். சாமிக்கும் மனுஷிக்கும் உதடு மூடியிருக்க வேண்டும், அதுதான் முறை. லாட்ஜ்காரர் பொம்மைக்காரரைப் பிடித்து உலுக்கினார். "யாருய்யா இவள இங்க வெக்கச் சொன்னது? வாய இன்னாத்துக்குத் தெறந்து வெச்ச?"

"மூடி வெச்சுத்தாங்க பாத்தேன். வேற யாரோ மாதிரி இருந்துது" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். பீடித்துண்டைக் காதிலிருந்து எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டார்.

உடைக்கச் சொன்னார் லாட்ஜ்காரர். பூசாரி மறுத்துவிட்டார். கண் திறந்த பொம்மைமேல் உளி வைக்கக் கூடாது. அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பாலாலயம் செய்து, சக்தியை இறக்கி வைத்த பிறகுதான் தொடலாம். உளிதானே ஆகாது, பெயிண்ட் ஆகுமே! பொம்மைக்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டு, சினிமா போர்டு எழுதுகிற ஒருவரை வரவழைத்தார். முகத்துக்குப் பச்சை. கண்ணுக்குச் சிவப்பு. உதட்டோரம் வெள்ளையில் இரண்டு கோரைப்பல். குடத்தைக் கறுப்பாக்கி மண்டை ஓடு மாதிரி கோடு போட்டார்கள். என் அத்தை ஒரே பகலில் ராட்சசி ஆனாள்.

அதை நாம் எல்லோரும் கீழே நின்று பார்த்தோம். பிறகு ஒவ்வொரு கும்பாபிஷேகத்திலும், உடைக்கிற பேச்சுக்கே அவசியமில்லாமல், பச்சைமேல் பச்சை ஏறியது. அவளைக் காட்டித் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். சாப்பிடாத குழந்தைக்கு அவளைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். யாருக்காகச் சண்டை போட்டாளோ அந்தக் குழந்தைகளின் குழந்தைகள் அவளைப் பார்த்துப் பயந்து கண்ணை மூடிக்கொண்டன. ஒரு தெருவின் ஞாபகத்தை அழிக்கப் பொம்மையை உடைக்க வேண்டியதே இல்லை. வேறு கலர் அடித்தால் போதும் என்று அந்த மனிதருக்கு எப்படித்தான் தெரிந்ததோ!

நைனா இறந்தபோது ஒரே ஒரு தடவை அத்தை வந்தாள். காரியம் முடிந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் கோயில் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்கான். பல்லுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தாள். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே போனேன், அவள் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அப்போது கல்யாணமாகிக் குழந்தை இருந்தது.

இப்போது பாலாலயம் ஆகிவிட்டது. உளி வைக்கத் தடை இல்லை. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். போன வாரம் பழைய பெயிண்டைச் சுரண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சாரத்தில் ஏற வேண்டாம் என்று வேலைக்காரப் பையன்கள் கெஞ்சினார்கள். ஏறினேன். முழங்காலைப் பற்றி மருமகளிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். பச்சை போய், இன்னொரு பச்சை போய், அடியில் மாநிறம் வந்திருந்தது. கோரைப்பல் வெறும் பெயிண்டுதான், சுரண்டினதும் போய்விட்டது. உள்ளே சுதையில் செய்த அவள் பல் வரிசை. அத்தைக்கு இடது பக்கம் ஒரு தெத்துப்பல் உண்டு. அது இருக்கிறது. பொம்மைக்காரர் அவ்வளவு உயரத்திலிருந்து அதைக்கூடப் பார்த்திருக்கிறார். நான் என் விரலால் தொட்டேன்.

அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்கு வந்தேன். தலைவர் நல்லவிதமாகத்தான் பேசினார். அவருக்கும் அந்தத் தெத்துப்பல் ஞாபகம் இருக்கிறது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் ஒரு வழி சொன்னார். "சரிக்கா, உடைக்க வேணாம். வாய மட்டும் சிமெண்ட் வெச்சு மூடிடலாம். லேசா சிரிச்ச மாதிரி. தலைக்குப் பின்னாடி ஒரு வட்டம் வெச்சுட்டா கங்கையம்மன்னு சொல்லிக்கலாம். கையில கொடம் வேற இருக்குது, பொருத்தமா இருக்கும். உங்க அத்தைக்கும் மரியாதைதானே?" எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்கும் ஒரு டீ வந்தது.

நான் அந்த டீயைக் குடிக்கவில்லை, கவனித்தீர்களா?

தலைவரே, உங்கள் அப்பா அவளை ராட்சசி ஆக்கினார். நீங்கள் அம்மன் ஆக்கப் பார்க்கிறீர்கள். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ராட்சசி என்றால் அவள் சொன்னதைக் கேட்க வேண்டாம். அம்மன் என்றால் அவள் எதுவுமே சொல்லியிருக்க மாட்டாள், தண்ணீர் தானாகப் பொங்கி வந்திருக்கும். பெரிய கோயிலின் கல்லில் ராஜாக்கள் பெயர் இருக்கிறது, கேட்டால் சொல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நம் தெருவில் நடந்தது எந்தக் கல்லிலும் இல்லை. ஒரு கோடையில் நம் அம்மாக்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்த மூலையில், ஒரு முழ உயரத்தில், சுண்ணாம்பும் வெல்லமுமாக நிற்கிறது. அதன் உயிர் அந்த வாயில்தான் இருக்கிறது.

வாசலுக்கு மேலே உங்கள் அப்பா பொம்மைக்குத் தங்க வர்ணம் பூசப் போகிறீர்களாம். தாராளமாகப் பூசுங்கள். கோபுரம் அவர் கட்டியது, அதுவும் நடந்ததுதான், நான் சுரண்டச் சொல்ல மாட்டேன். ஆனால் இவளுக்கு மாநிறம், நீலப் புடவை, திறந்த வாய். வட்டம் கிட்டம் எதுவும் வேண்டாம். யார் இது என்று பேரக்குழந்தைகள் கேட்டால், இந்தத் தெருவில் இருந்த ஒரு பொம்பளை, தண்ணி கேட்டாள் என்று சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரையை நீங்கள் மலரில் போட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் பத்துப் பிரதி எடுத்து உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். கண் திறக்கிற அன்று விடியும்போதே சாரத்துக்குக் கீழே வந்து நிற்பேன். அவள் வாயில் ஒரு கரணை சிமெண்ட் விழுந்திருந்தால், நான் வாயைத் திறப்பேன். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே குரல்தான். தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.